கேட்பதற்கு முன்பே அறிந்திருத்தல்: விண்வெளி ஆய்வில் அரசும் பல்கலைக்கழகமும்

நிலவின் தென்துருவத்தை ஒட்டி ஒரு கலத்தை இறக்க வேண்டுமானால், அந்த நிலத்தின் மண்ணைப் போன்ற மண் முதலில் பூமியில் கைவசம் இருக்க வேண்டும். லேண்டரின் கால்கள் எவ்வளவு புதையும், ரோவரின் சக்கரங்கள் எங்கே வழுக்கும் என்பதையெல்லாம் இங்கேயே சோதித்துப் பார்த்தாக வேண்டும். சந்திரயான்-2 திட்டத்துக்காக இஸ்ரோ அப்படியொரு மண்ணைத் தேடியது. அது கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரம்.

நிலவின் முகத்தில் கருமையாகத் தெரிபவை எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். அவை பசால்ட் பாறையால் ஆனவை. வெளிறித் தெரிபவை மேட்டு நிலங்கள். அங்கே நிறைந்திருப்பது அனார்த்தோசைட் என்ற பாறை. தென்துருவம் மேட்டு நிலத்தைச் சேர்ந்தது. பூமியில் அனார்த்தோசைட் அரிது. அதிலும் நிலவில் உள்ளதைப் போல் கால்சியம் மிகுந்த வகை இன்னும் அரிது. சித்தம்பூண்டியில் இருப்பது அந்த வகை. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் பாறையை அடையாளம் காட்டினார்கள். வெட்டியெடுத்த பாறை பல அளவுகளில் அரைக்கப்பட்டு, பெங்களூரிலுள்ள இஸ்ரோ சோதனைக் கூடத்துக்குச் சென்றது. சுமார் 50 டன் மண் அனுப்பப்பட்டதாக அப்போதைய செய்திகள் கூறின. அப்பல்லோ-16 வீரர்கள் 1972இல் நிலவின் மேட்டு நிலத்திலிருந்து கொண்டுவந்த மண்ணின் பண்புகளோடு இது ஒப்பிடப்பட்டது. தயாரிப்பு முறைக்கு இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது.

2023 ஆகஸ்ட் 23 அன்று அடுத்த கலமான சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை ஒட்டி இறங்கியது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய எக்ஸ் கதிர் நிறமாலைமானி ஒன்று பிரக்யான் ரோவரில் இருந்தது. அது சுமார் 103 மீட்டர் தூரத்துக்குள் 23 இடங்களில் மண்ணை அளந்தது. அந்த அளவீடுகள் அங்குள்ள மண் அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்தன. பெங்களூர்ச் சோதனைக் கூடத்தில் நாமக்கல் பாறை வகித்த இடம் சரியான இடம்தான் என்பதற்கு நிலவே தந்த சான்று இது.

இந்த நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டியது கால வரிசையை. சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியின் கனிமங்களை ஏ. பி. சுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து, அமெரிக்க நிலவியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்ட ஆண்டு 1956. மனிதன் செய்த எந்தப் பொருளும் அப்போது பூமியைச் சுற்றிவரத் தொடங்கியிருக்கவில்லை. பின்னர் சேலத்து ஆய்வாளர்கள் இதே பாறையின் ஒளிப் பிரதிபலிப்பை அளந்து, நிலவின் மேட்டு நிலங்களோடு ஒப்பிட்டு 2010 வாக்கில் எழுதினார்கள். லேண்டருக்கு மண் வேண்டும் என்ற தேவை எழுந்தபோது, எங்கே போய்க் கேட்பது என்பதற்கு விடை ஏற்கெனவே இருந்தது.

விண்வெளித் துறையில் அரசு அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்யும் ஆய்வுகளைப் பற்றி நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். அரசு அமைப்பு தனக்குத் தேவையானதைக் கேட்கும். நல்ல பல்கலைக்கழகம், எவரும் கேட்பதற்கு முன்பே சிலவற்றை அறிந்துவைத்திருக்கும். கேட்டதைச் செய்துகொடுக்கும் ஒப்பந்தக்காரராகப் பல்கலைக்கழகத்தை நடத்தினால், அந்த முன்னறிவு வற்றிப்போகும்.

அயோவாவில் தொடங்கிய வழக்கம்

இந்தக் கூட்டுறவின் தொடக்கத்தைத் தேடினால், அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளுக்கே போய்ச் சேர்வோம். 1958 ஜனவரி 31 இரவு ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர்-1 சுமார் 14 கிலோ எடை கொண்டது. ராக்கெட் ராணுவத்துடையது. செயற்கைக்கோள் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் உருவானது. உள்ளே இருந்த முக்கிய அறிவியல் கருவி அயோவா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் செய்யப்பட்டது. பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலன் வழிநடத்த, அதன் மின்னணுப் பகுதிகளை வடிவமைத்தவர் ஜார்ஜ் லட்விக் என்ற ஆய்வு மாணவர். அந்தக் கருவி கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கைகர் எண்ணி. நாசா அப்போது பிறக்கவே இல்லை. அது இயங்கத் தொடங்கியது அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று.

செயற்கைக்கோள் அனுப்பிய எண்கள் குழப்பம் தந்தன. தாழ்வான உயரத்தில் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி வந்தது. மிக உயரே போனபோது சில இடங்களில் சுழியமாகியது. கருவி பழுதாகிவிட்டதா, அங்கே கதிர்வீச்சே இல்லையா? எக்ஸ்ப்ளோரர்-1இல் பதிவுக் கருவி இல்லாததால், தரை நிலையங்களின் மேல் கடக்கும் சில நிமிடங்களின் தகவல்தான் கிடைத்தது. மார்ச் 26 அன்று ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர்-3இல் லட்விக் வடிவமைத்த சிறிய நாடாப் பதிவுக் கருவி இருந்தது. ஒரு சுற்று முழுவதற்குமான தகவல் அதில் கிடைத்தது. எண்ணிக்கை ஏறி, உச்சத்தைத் தொட்டு, திடீரென்று சுழியமாகி, மீண்டும் உச்சத்திலிருந்து இறங்குவது அதில் தெளிவாகத் தெரிந்தது.

கார்ல் மெக்கில்வைன் என்ற இன்னொரு ஆய்வு மாணவர், அதே வகைக் கைகர் எண்ணியை எக்ஸ் கதிர் இயந்திரத்தின் முன் வைத்துப் பார்த்தார். கதிர்வீச்சு ஓர் அளவைத் தாண்டியதும் கருவி திணறி, எண்ணுவதையே நிறுத்திவிட்டது. சுழியத்தின் பொருள் விளங்கியது. அங்கே கதிர்வீச்சு கருவியால் எண்ண முடியாத அளவுக்கு மிகுந்திருந்தது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன என்ற முடிவை 1958 மே 1 அன்று வான் ஆலன் அறிவித்தார். விண்வெளி யுகத்தின் முதல் பெரிய அறிவியல் கண்டுபிடிப்பான அது இன்று அவர் பெயரால் வான் ஆலன் பட்டைகள் என்று வழங்குகிறது.

ராக்கெட்டை ராணுவம் தராமல் இது நடந்திருக்காது. ஆனால் சுழியத்தைக் கண்டு 'கருவி கெட்டுவிட்டது' என்று கோப்பை மூடாமல், ஏன் சுழியம் என்று கேட்டு ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தது பல்கலைக்கழகத்தின் பழக்கம். கருவியைத் தம் கையால் செய்தவர்கள் என்பதால்தான் அந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றியது. தரவை மட்டும் வாங்கிப் படித்தவர்களுக்கு அது எளிதில் தோன்றியிருக்காது.

பொறுப்பை ஒப்படைக்கும் துணிவு

நாசா இந்த அனுபவத்தை ஒரு முறைமையாக வளர்த்தது. 'முதன்மை ஆய்வாளர்' என்று ஒருவரை நியமித்து, சில திட்டங்களில் கருவிக்கும் சில திட்டங்களில் விண்கலம் முழுவதற்குமான அறிவியல் பொறுப்பை அவரிடமே கொடுத்தது. 2008இல் செவ்வாயின் வடதுருவச் சமவெளியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலத்தின் பொறுப்பு அரிசோனா பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதே பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய ஒசைரிஸ்-ரெக்ஸ், பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 121.6 கிராம் மண்ணை 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆய்வகம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆயிரக்கணக்கான வேற்றுக் கோள்களைக் கண்டுபிடித்த கெப்ளர் தொலைநோக்கியை இயக்கிய கட்டுப்பாட்டு அறை அதன் வளாகத்தில் இருந்தது. தேர்ந்த பொறியாளர்களோடு பயிற்சி பெற்ற மாணவர்களும் அங்கே பணி முறையில் அமர்ந்தார்கள்.

இந்தியாவின் பெருமைக்குரிய ஒரு கண்டுபிடிப்பிலும் இந்த முறைமையின் பங்கு உண்டு. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1, வெளிநாட்டுக் கருவிகளையும் சுமந்து சென்றது. அவற்றில் ஒன்று நிலவின் கனிமங்களை வரைபடமாக்கும் கருவி. அதைக் கட்டியது ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம். அறிவியல் பொறுப்பாளர் பிரௌன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லே பீட்டர்ஸ். நிலவின் பரப்பில் நீர், ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் தடயம் இருப்பதை 2009இல் உலகுக்கு அறிவித்தது அந்தக் கருவியின் தரவுதான். கலம் இஸ்ரோவுடையது, கருவிக்கு நிதி நாசாவுடையது, தலைமை ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியருடையது. மூன்றும் சேர்ந்தபோது நிலவைப் பற்றிய நம் புரிதலே மாறியது.

2013 நவம்பரில் இரண்டு கலங்கள் பதின்மூன்று நாள் இடைவெளியில் செவ்வாய்க்குக் கிளம்பின. நவம்பர் 5 அன்று மங்கள்யான், நவம்பர் 18 அன்று நாசாவின் மேவன். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இரண்டும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தன. மேவனின் அப்போதைய முதன்மை ஆய்வாளர் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் ஜக்கோஸ்கி. மங்கள்யானின் ஐந்து கருவிகளும் இஸ்ரோ மையங்களிலேயே உருவானவை. மங்கள்யானின் முதல் நோக்கம் செவ்வாயை அடையும் தொழில்நுட்பத்தை நிரூபிப்பது. குறைந்த செலவில், குறுகிய காலத்தில் அதை நிறைவேற்றியது பெரும் சாதனை. இருந்தாலும் இரு நாடுகளும் பல்கலைக்கழகத்தை எந்த இடத்தில் வைத்திருக்கின்றன என்பதை அந்த இரு கலங்களும் அருகருகே காட்டின.

இந்தியப் பாதை

இந்திய விண்வெளித் திட்டத்தின் வேரும் ஆய்வுக் கூடத்தில்தான் இருக்கிறது. விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தின் அறிவியல் கல்லூரி ஒன்றில் சில அறைகளில் தொடங்கிய இயற்பியல் ஆய்வகமே அதன் தொட்டில். 1975இல் ஏவப்பட்ட ஆரியபட்டாவில் இஸ்ரோவின் கருவியோடு அந்த ஆய்வகத்தின் கருவியும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கருவியும் இருந்தன. அந்த மரபு இன்றும் வலுவாகத் தொடர்கிறது. 2015இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் விண்நோக்ககத்தின் கருவிகளை டாடா நிறுவனமும், பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனமும், புனேயின் ஐயூகா வானியல் மையமும் சேர்ந்து உருவாக்கின. ஆதித்யா-எல்1இன் சூரிய ஒளிவட்டக் கருவி இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உழைப்பு. அந்த நிறுவனத்தின் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வந்திருக்கிறது. முன்னறிவு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம்.

ஆனால் இந்தக் கருவிகளை உருவாக்கிய பெயர்களில் பட்டப்படிப்பு மாணவர்கள் நிறைந்த மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஆராய்ச்சிக்கென்று தனியாக அமைக்கப்பட்ட நிறுவனங்கள். விடுதலைக்குப் பின் நாடு எடுத்த முடிவின் விளைவு இது. ஆராய்ச்சியைத் தேசிய ஆய்வகங்களுக்கும் தனி நிறுவனங்களுக்கும் கொடுத்து, கற்பித்தலைப் பல்கலைக்கழகங்களுக்கு விட்டுவிட்டோம். அணுசக்தி ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களோடு இணைந்து வளர வேண்டும் என்று மேகநாத் சாகா அன்றே வாதிட்டார். அவர் குரல் எடுபடவில்லை. தனி நிறுவனங்கள் உலகத் தரத்துக்கு உயர்ந்தன. லட்சக்கணக்கான மாணவர்கள் படிக்கும் வளாகங்களோ கருவி செய்யும் பழக்கத்தையே இழந்தன.

இந்த இடைவெளியை நிரப்ப முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1988இல் உருவான ஐயூகா, பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து ஆய்வு செய்வதற்கென்றே அமைக்கப்பட்டது. அஸ்ட்ரோசாட் தரவைக் கையாளக் கற்றுத்தரும் உதவி மையமும் அங்கே இயங்குகிறது. இஸ்ரோவின் 'ரெஸ்பாண்ட்' திட்டம் பல்கலைக்கழகங்களுக்குப் பல பத்தாண்டுகளாக ஆய்வு நிதி தருகிறது. சென்னை ஐஐடி போன்ற இடங்களில் இஸ்ரோவின் விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவுகள் உள்ளன. திருச்சி என்ஐடியில் தொழில்முனைவுக்கான மையம் உள்ளது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முதலிடமும் உண்டு. 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12 ராக்கெட் ரிசாட்-2 செயற்கைக்கோளோடு சுமந்து சென்ற அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். எடை சுமார் 40 கிலோ. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில், இஸ்ரோ பொறியாளர்களின் வழிகாட்டலில் ஆசிரியர்களும் மாணவர்களும் அதை உருவாக்கினார்கள். ஓரிடத்தில் பெறும் செய்தியைச் சேமித்துவைத்து, வேறோர் இடத்தின் மேல் கடக்கும்போது இறக்கித் தருவது அதன் பணி. மூன்று ஆண்டுகள் சுற்றிவிட்டு 2012 ஏப்ரலில் அது வளிமண்டலத்துக்குள் விழுந்து முடிந்தது. அதற்கிடையில் 2011இல் எஸ்ஆர்எம்சாட், பின்னர் 2016இல் சத்தியபாமாசாட், 2017இல் குமரி மாவட்டத்திலிருந்து நியுசாட் எனத் தமிழக வளாகங்களின் செயற்கைக்கோள்கள் வரிசையாகப் போயின.

இவற்றை உருவாக்கிய மாணவர்கள் பெற்ற பயிற்சிக்கு விலை இல்லை. ஆனால் இவை பெரும்பாலும் ஒற்றை முயற்சிகளாகவே நின்றன. ஒரு செயற்கைக்கோளைச் செய்த மாணவர்கள் பட்டம் பெற்றுப் போனதும், அவர்கள் கற்ற பாடமும் அவர்களோடு போய்விடுகிறது. அடுத்த செயற்கைக்கோள் பத்தாண்டு கழித்து வந்தால், அதைச் செய்பவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். அயோவாவில் எக்ஸ்ப்ளோரர்-1இன் கேள்விக்கு இரண்டே மாதத்தில் எக்ஸ்ப்ளோரர்-3 விடை தந்தது. அந்தத் தொடர்ச்சி இல்லாமல் கண்டுபிடிப்பு நிகழாது.

உரசல் எங்கே?

அரசு அமைப்பின் காலமும் வளாகத்தின் காலமும் வேறு வேறு. ஆதித்யா-எல்1இன் ஒளிவட்டக் கருவிக்கான திட்டம் 2008இல் சிறிய செயற்கைக்கோளுக்காகப் பேசப்பட்டது. பின் விரிவடைந்து, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் போகும் ஏழு கருவிக் கலமாக 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டது. பதினைந்து ஆண்டுகள்! முனைவர் பட்டத்துக்குக் கிடைப்பது நான்கைந்து ஆண்டுகள். நிதிநல்கை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு. நிதி முடிந்ததும் புராஜெக்ட் ஃபெலோ வேறு வேலை தேடிப் போகிறார். கருவிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, பொருள் வந்து சேர்வதற்குள் ஆண்டு முடிகிறது. பேராசிரியரின் நேரம் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவதில் கழிகிறது. தனி நிறுவனங்களில் நிரந்தரப் பொறியாளர்கள் இருப்பதால் பதினைந்து ஆண்டுத் திட்டத்தைத் தாங்க முடிகிறது. பல்கலைக்கழகத் துறைகளில் அந்தப் பணியிடமே கிடையாது.

இரண்டாவது உரசல் வெளிப்படைத்தன்மை. விண்வெளித் தொழில்நுட்பத்தில் பாதுகாப்பு சார்ந்த மறைப்புகள் தவிர்க்க முடியாதவை. பல்கலைக்கழகமோ வெளியிட்டால்தான் வாழும். இந்த இழுபறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ச்சியான் ஷ்வெசென் வரலாறு சாட்சி. கால்டெக் பேராசிரியரான அவர் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1950இல் சந்தேகத்தின் பேரில் அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. 1955இல் சீனா திரும்பிய அவர் அந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்துக்கே தந்தையானார். அச்சத்தால் ஓர் அறிஞரை இழந்த அமெரிக்கா அவரைத் திரும்பப் பெறவே இல்லை.

மூன்றாவது, கேள்வியை யார் எழுப்புவது என்பது. இஸ்ரோ மையங்கள் தங்களுக்குத் தேவையான ஆய்வுத் தலைப்புகளைத் தொகுத்து 'ரெஸ்பாண்ட் பேஸ்கட்' என்று வெளியிடுகின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியாத கல்லூரி ஆசிரியருக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் எல்லா நிதியும் பட்டியலிட்ட தேவைகளுக்கே போனால், பட்டியலில் இல்லாத சித்தம்பூண்டிகளை யார் ஆராய்வார்கள்? 1956இல் எந்தப் பட்டியலிலும் 'நிலவு மண்' என்ற தலைப்பு இருந்திருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

தேர்ந்தெடுத்த சில மாநிலப் பல்கலைக்கழகங்களிலாவது விண்வெளிக் கருவி ஆய்வகங்களை நிரந்தரப் பொறியாளர் பணியிடங்களோடு அமைக்க வேண்டும். ஐந்து பேர் போதும். மாணவர்கள் வந்து போகலாம், கைத்திறன் அங்கேயே தங்கும். இஸ்ரோவின் நிதியும் மாநில அரசின் பணியிடமும் சேர்ந்தால் இது நடக்கும்.

அடிக்கடி பறக்கும் வாய்ப்பு வேண்டும். இதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கு, செயற்கைக்கோள்களை இறக்கிவிட்ட பின்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அதையே 'போயம்' என்ற பெயரில் சோதனை மேடையாக இஸ்ரோ மாற்றியிருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட போயம்-4 இருபத்துநான்கு கருவிகளைச் சுமந்தது. அவற்றில் பத்து, கல்வி நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் செய்தவை. முழுச் செயற்கைக்கோள் செய்யும் சுமை இல்லாமல் கருவியை மட்டும் செய்து அனுப்ப இது உதவுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் சில இடங்களைப் பல்கலைக்கழகங்களுக்கென்றே ஒதுக்கி, முன்கூட்டியே அறிவித்தால், மாணவர் ஒருவர் தம் படிப்புக் காலத்துக்குள் கருவியைச் செய்து, பறக்கவிட்டு, தரவையும் ஆராய முடியும்.

ரெஸ்பாண்ட் நிதியில் ஒரு பகுதியாவது பட்டியலுக்கு வெளியே, ஆய்வாளரே எழுப்பும் கேள்விகளுக்குப் போக வேண்டும். உடனடிப் பயன் கேட்காமல் ஐந்தாண்டுக்குக் கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களின் கடமையும் சிறியதல்ல. மாணவர் சேர்க்கை குறைகிறது என்று நிலவியல், இயற்பியல் போன்ற துறைகளைச் சுருக்கும் நிர்வாகங்கள், சந்திரயானுக்கு மண் தந்தது எந்தத் துறை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வகுப்பை ஓட்டும் துறையிடம் எந்த விண்வெளி அமைப்பும் கூட்டுறவுக்கு வராது. வந்தாலும் கொடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து கிளம்பும். அவற்றில் தென் மாவட்டப் பல்கலைக்கழகங்களில் பிறந்த கருவிகளும் போக வேண்டுமானால், அதற்கான ஆய்வகங்களையும் பணியிடங்களையும் தமிழ்நாடு அரசும் இஸ்ரோவும் இன்றே தொடங்க வேண்டும்.